சரக்கு வந்து சேரும் நாட்கள்: பெட்டி வரைபடம் காட்டும் உண்மை

மழைக்காலம் தொடங்கியதும் பல மாவட்டங்களில் வயிற்றுப்போக்கு நோய் மிகுதியாகப் பரவுகின்றது. அக்காலத்தில், ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கு மருந்து அனுப்பும் பண்டகசாலையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் தீர்ந்துபோவது சிறிய செய்தியன்று. ஒரு லிட்டர் நீரில் கரைத்துக் கொடுக்கப்படும் அப்பொட்டலத்தின் விலை சில ரூபாய்களே. ஆயினும் அது கையிருப்பில் இல்லாத வாரத்தில், வீட்டிலேயே தேறியிருக்கக்கூடிய குழந்தையை, உடலின் நீர் வற்றிய நிலையில் தொலைவிலுள்ள மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல நேரிடுகின்றது. இவ்வாறு சரக்கு தீர்வதற்குப் பணப் பற்றாக்குறை ஒன்றே எப்பொழுதும் காரணமாவதில்லை. கேட்ட சரக்கு எத்தனை நாட்களில் வந்து சேரும் என்பதைத் தவறாகக் கணித்திருப்பதும் அடிக்கடி காரணமாகின்றது.

அக்கணிப்பிற்கு வேண்டிய விவரங்கள் யாவும் பண்டகசாலைப் பதிவேட்டிலேயே இருக்கின்றன. ஆணை அனுப்பிய தேதியும் சரக்கு இறங்கிய தேதியும் அதில் எழுதப்பட்டிருக்கும். அவற்றை ஒருமுறை கழித்துப் பார்த்து, கிடைக்கும் எண்களைப் படமாக வரைந்து காண்பதற்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் தேவைப்படாது. எந்தப் படத்தை வரைவது, அதனை எவ்வாறு படிப்பது என்பதே ஈண்டு விளக்கப்படுகின்றது.

சராசரி மறைப்பது யாது?

ஒரே மருந்தை இரு வழங்குநர்கள் ஒரு பண்டகசாலைக்கு அனுப்பி வருகின்றனர் எனக் கொள்க. ஒவ்வொருவரிடமிருந்தும் 11 முறை சரக்கு பெறப்பட்டுள்ளது. ஒவ்வொரு முறையும் சென்ற நாட்கள், சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தப்பட்டு, கீழே தரப்பட்டுள்ளன. இவ்வெண்கள் விளக்கத்தின் பொருட்டு அமைக்கப்பட்டவை.

முதலாமவர்: 9, 10, 11, 11, 12, 13, 14, 16, 19, 24, 48.
இரண்டாமவர்: 15, 16, 16, 17, 17, 18, 18, 19, 19, 20, 23.

முதலாமவரின் எண்களைக் கூட்டினால் 187 வருகின்றது. சராசரி 17 நாட்கள். இரண்டாமவரின் கூட்டுத்தொகை 198. சராசரி 18 நாட்கள். சராசரியை மட்டும் காண்பவர், இருவருக்குமிடையே ஒருநாள் வேற்றுமையே உள்ளதென்றும், அதிலும் முதலாமவரே விரைவானவர் என்றும் முடிவு செய்வார். விலையும் முதலாமவரிடம் சிறிது குறைவாக இருந்துவிட்டால், அதற்குமேல் எவரும் கேள்வி எழுப்பமாட்டார்கள்.

ஆனால் எண்களை வரிசையாகப் படித்தவுடனேயே இரண்டு பட்டியல்களும் ஒரே தன்மையன அல்ல என்பது புலப்படுகின்றது. முதலாமவர் ஒருமுறை 9 நாட்களில் அனுப்புகிறார். மற்றொருமுறை 48 நாட்கள் ஆகின்றன. அந்த 48-ஐ மட்டும் நீக்கிவிட்டுக் கணக்கிட்டால் சராசரி 13.9 ஆகக் குறைகின்றது. அதாவது, ஒரே ஒரு ஆணை சராசரியை மூன்று நாட்களுக்குமேல் இழுத்துச் சென்றிருக்கிறது. வழக்கமான விரைவும் அரிதான பெருந்தாமதமும் ஒன்றாகக் கலந்து கிடைத்ததே 17 என்னும் எண். பதினொரு ஆணைகளில் ஒன்றேனும் சரியாக 17 நாட்களில் வந்து சேர்ந்ததில்லை என்பதையும் நோக்குக.

ஐந்து எண்களும் ஒரு பெட்டியும்

பட்டியல் முழுவதையும் மனத்தில் கொள்வது அரிது; சராசரி என்னும் ஓர் எண்ணோ போதாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியாகப் புள்ளியியலறிஞர்கள் ஐந்து எண்களைத் தேர்ந்தெடுத்தனர். வரிசைப்படுத்திய பட்டியலின் நடுவில் நிற்பது இடைநிலை. 11 எண்கள் இருப்பின் ஆறாவது எண்ணே அது. ஆகவே முதலாமவருக்கு இடைநிலை 13, இரண்டாமவருக்கு 18. இடைநிலைக்குக் கீழுள்ள பாதியின் நடு எண் கீழ்க் கால்மானம். மேலுள்ள பாதியின் நடு எண் மேற் கால்மானம். முதலாமவருக்கு இவை 11, 19. இரண்டாமவருக்கு 16, 19. இவற்றோடு மிகச் சிறிய எண்ணும் மிகப் பெரிய எண்ணும் சேர, ஐந்து எண்களாகின்றன.

படம் வரையும் முறை எளியது. நாட்களைக் குறிக்கும் அளவுகோல் ஒன்றினை நிமிர்வாக வரைந்து, இரு கால்மானங்களுக்குமிடையே ஒரு பெட்டி அமைக்கப்படுகின்றது. ஆணைகளுள் ஏறக்குறைய பாதி இப்பெட்டிக்குள் அடங்கும். இடைநிலை, பெட்டியின் குறுக்கே ஒரு கோடாக இடப்படும். பெட்டியின் மேலும் கீழும் நீளும் மெல்லிய கோடுகளுக்கு மீசை என்று பெயர். மீசை எவ்வளவு தூரம் நீளலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு: பெட்டியின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேற்படாமல், அவ்வெல்லைக்குள் இருக்கும் கடைசி எண்ணோடு அது நின்றுவிடும். எல்லைக்கு அப்பாற்பட்டவை தனித்தனிப் புள்ளிகளாகக் குறிக்கப்படும்.

முதலாமவரின் பெட்டி உயரம் 19-இலிருந்து 11 போக 8. அதன் ஒன்றரை மடங்கு 12. ஆகவே மேல் எல்லை 31. மீசை 24-இல் நின்றுவிட, 48 மட்டும் உயரத்தில் தனிப்புள்ளியாக நிற்கும். இரண்டாமவரின் பெட்டி உயரம் 3 மட்டுமே. மேல் எல்லை 23.5. மீசை 23 வரை நீளும். தனிப்புள்ளி எதுவும் இல்லை. இரு படங்களும் அருகருகே நிற்கும்போது, ஒன்று குட்டையாகவும் இறுக்கமாகவும், மற்றொன்று நெடிதாகவும் தலைக்குமேல் ஒரு புள்ளியுடனும் காணப்படும். எண்களில் பழக்கமில்லாதவரும் இவ்வேற்றுமையை ஒரு நொடியில் கண்டுகொள்வர்.

இத்தகைய படத்தின் முன்னோடி ஒன்றினை அமெரிக்காவில் மேரி எலினார் ஸ்பியர் என்னும் அம்மையார் 1952-இல் வெளியிட்ட நூலில் காட்டினார். அதனை இன்றைய வடிவிற்குக் கொணர்ந்து, மீசை என்னும் பெயரையும் வழங்கி, 1977-இல் வெளிவந்த தம் நூலின் வழியாக உலகெங்கும் பரப்பியவர் ஜான் டூக்கி. கணிப்பொறி உலகில் 'பிட்' என்னும் சொல்லை ஆக்கிய அறிஞரும் இவரே. ஆயினும் அந்நூலில் அவர் கற்பித்த முறைகள் பெரும்பாலும் பென்சிலும் தாளும் கொண்டு செய்யத்தக்கவை என்பது ஆசிரியர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி.

படத்திலிருந்து கையிருப்பிற்கு

படம் அழகாக இருப்பதனால் பயனில்லை; பண்டகசாலைப் பொறுப்பாளர் அதனைக்கொண்டு செய்யவேண்டியது யாது என்பதே வினா. நாளொன்றுக்கு 40 பொட்டலங்கள் செலவாகின்றன எனக் கொள்க. கையிருப்பு எவ்வளவாகக் குறையும்போது புதிய ஆணை அனுப்பவேண்டும்?

சராசரியை நம்புபவர், முதலாமவரிடம் வாங்கினால் 17 நாட்களுக்குரிய 680 பொட்டலங்கள் மிஞ்சியிருக்கும்போது ஆணை அனுப்புவார். மேற்கண்ட 11 ஆணைகளிலும் இவ்வாறு செய்திருந்தால், மூன்று முறை சரக்கு தீர்ந்திருக்கும்: 2 நாட்கள், 7 நாட்கள், 31 நாட்கள். ஆக மொத்தம் 40 நாட்கள் பண்டகசாலை வெறுமையாக இருந்திருக்கும். இரண்டாமவரிடம், 18 நாட்களுக்குரிய 720 பொட்டலங்கள் இருக்கும்போது ஆணை அனுப்பியிருந்தால், நான்கு முறை தீர்ந்திருக்கும். ஆனால் 1, 1, 2, 5 என மொத்தம் 9 நாட்கள் மட்டுமே. தடவைகளை எண்ணினால் இரண்டாமவர் மோசமானவராகத் தோன்றுவார். வெறுமையான நாட்களை எண்ணினால் நிலைமை தலைகீழாகின்றது. ஒருநாள் இரண்டுநாள் தட்டுப்பாட்டை அண்டையிலுள்ள நிலையத்திலிருந்து கடன் வாங்கிச் சமாளித்துவிடலாம். ஒரு மாதத் தட்டுப்பாட்டை அவ்வாறு சமாளிக்க இயலாது.

கண்ட தாமதம் அனைத்தையும் தாங்கும்படி கையிருப்பு வைப்பதென்றால், இரண்டாமவருக்கு 23 நாட்களுக்குரிய 920 பொட்டலங்கள் போதும். முதலாமவருக்கு 1,920 பொட்டலங்கள் வேண்டும். ஏறக்குறைய இருமடங்கு சரக்கினை வாங்கி அடுக்கிவைத்து, ஈரத்திலிருந்தும் எலியிலிருந்தும் காத்து, காலாவதித் தேதியையும் கண்காணிக்கவேண்டும். முதலாமவரின் விலைக் குறைவு இச்செலவில் கரைந்துபோகக்கூடும். அவர் பல முறை 9, 10 நாட்களில் அனுப்பிவிடுகிறாரே என்று வாதிக்கலாம். முன்னதாக வரும் சரக்கினால் நோயாளிக்கு எந்த நன்மையும் இல்லை. கிடங்கில் இடந்தான் அடைபடும். பண்டகசாலைக்கு வேண்டுவது விரைவைவிட ஒழுங்கு. பெட்டியின் உயரமும் மீசையின் நீளமும் அவ்வொழுங்கைக் காட்டுவதால்தான் இப்படம் இவ்வேலைக்கு ஏற்றதாகின்றது.

வழங்குநரை மாற்றுவது பெரும்பாலும் கொள்முதல் குழுவின் அதிகாரத்திற்கு உட்பட்டது. கள ஊழியரின் கையில் இல்லை. ஆனால் எந்த அளவில் ஆணை அனுப்புவது என்பது பல இடங்களில் அவர் கையிலேயே உள்ளது. அடுத்த ஒப்பந்தம் வரும்போது குழுவின்முன் வைப்பதற்கும் இப்படம் உதவும். பதினொரு ஆணைகளே பார்க்கப்பட்டன என்பதையும் மறத்தலாகாது. இதுவரை 23 நாட்களைத் தாண்டாதவர் இனியும் தாண்டமாட்டார் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை.

விரிதாளில் செய்தல்

கணிப்பொறியில் விரிதாள் ஒன்றைத் திறந்து நான்கு நிரல்கள் அமைத்துக்கொள்க: வழங்குநர் பெயர், ஆணை அனுப்பிய தேதி, சரக்கு இறங்கிய தேதி, சென்ற நாட்கள். விரிதாள் தேதியை ஒரு தொடர் எண்ணாகவே சேமிக்கின்றது. எக்செல் மென்பொருளில் 1900 ஜனவரி முதல் நாள் 1 என்றும், 2024 ஜனவரி முதல் நாள் 45292 என்றும் எண்ணப்படும். ஆதலால் மூன்றாம் நிரலிலிருந்து இரண்டாம் நிரலைக் கழித்த மாத்திரத்தில் நாட்கள் கிடைத்துவிடும்.

இவ்விடத்தில்தான் பெரும்பிழை நேர்கின்றது. அமெரிக்க முறைப்படி அமைக்கப்பட்ட கணிப்பொறி, மாதத்தை முதலிலும் நாளை அடுத்தும் படிக்கும். ஜூலை 3-ஆம் தேதி ஆணை அனுப்பி, ஜூலை 11-ஆம் தேதி சரக்கு வந்தது என்பதை 03/07/2024, 11/07/2024 என எழுதினால், அக்கணிப்பொறி அவற்றை மார்ச் 7, நவம்பர் 7 எனக் கொள்ளும். எட்டு நாட்கள் 245 நாட்களாகிவிடும். படத்தில் வானளாவ ஒரு புள்ளி தோன்றும். குற்றமற்ற வழங்குநர்மீது பழி விழும். தேதியின் நாள் 12-க்கு மேற்பட்டிருந்தால் கணிப்பொறி அதனைத் தேதியென்றே ஏற்காது. அது ஒருவகையில் நல்லது, பிழை உடனே தெரிந்துவிடும். 2024-07-03 என ஆண்டினை முதலில் எழுதும் வழக்கத்தைக் கைக்கொண்டால் இத்தொல்லை இராது.

எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை எண்ணுவது என்பதனையும் முதலிலேயே முடிவு செய்தல் வேண்டும். ஆணையில் கையொப்பமிட்ட நாள் ஒன்று. அது அலுவலகத்தைவிட்டு வெளியேறிய நாள் மற்றொன்று. இரண்டிற்குமிடையே உள்ள தாமதம் வழங்குநருடையதன்று. அதுபோலவே, பல மாநிலங்களின் மருந்துக் கொள்முதல் அமைப்புகளில், வந்திறங்கிய மருந்து ஆய்வுக்கூடச் சோதனையில் தேறும்வரை தனியே வைக்கப்படும். வழங்குநரை மதிப்பிடுவதற்குச் சரக்கு இறங்கிய நாள் ஏற்றது. கையிருப்பைக் கணிப்பதற்கோ மருந்து வழங்கத் தகுதிபெற்ற நாளே ஏற்றது. இரண்டு கேள்விகள் இருப்பின் இரண்டு படங்கள் வரைவதே முறை. சரக்கு தவணைகளாக வந்தால், கடைசித் தவணை வந்த நாளைக் கொள்ளலாம். எதைக் கொண்டாலும் இரு வழங்குநர்களுக்கும் ஒன்றையே கொள்ளவேண்டும். விடுமுறை நாட்களை நீக்கிக் கணக்கிடும் சார்பு விரிதாளில் உண்டு. கையிருப்புக் கணக்கிற்கு அது வேண்டாம். வயிற்றுப்போக்கு ஞாயிற்றுக்கிழமையும் வருகின்றது.

எக்செல் மென்பொருளின் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து பெட்டி வரைபடம் நேரடியாகவே தரப்பட்டுள்ளது. வழங்குநர் பெயர் நிரலையும் நாட்கள் நிரலையும் அருகருகே வைத்துத் தேர்ந்தெடுத்து, 'இன்செர்ட்' பகுதியில் புள்ளியியல் படங்களுள் 'பாக்ஸ் அண்டு விஸ்கர்' என்பதைச் சொடுக்கினால் படம் தோன்றும். பெட்டியினுள் காணப்படும் சிறு பெருக்கற்குறி சராசரியைக் காட்டுவது. முதலாமவரின் பெட்டியில் அக்குறி 17-இலும் இடைநிலைக் கோடு 13-இலும் விலகி நிற்கும். இரண்டாமவரிடத்தில் இரண்டும் 18-இல் ஒன்றியிருக்கும். அவ்விலகலே ஓர் எச்சரிக்கை.

இவ்வசதி இல்லாத விரிதாளில் அடுக்கு நிரல் படம் கொண்டு இதனைச் செய்யலாம். கீழ்க் கால்மானம்வரை ஒரு துண்டு, அங்கிருந்து இடைநிலைவரை ஒரு துண்டு, அங்கிருந்து மேற் கால்மானம்வரை ஒரு துண்டு என அடுக்கி, அடித்துண்டின் நிறத்தை நீக்கிவிட்டால் பெட்டி மிஞ்சும். மீசைகளைப் பிழைக்கோடுகளாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

கால்மானத்தைக் கணக்கிட ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் உண்டு என்பது பலரைத் திகைக்கவைக்கும். நடு எண்ணை விட்டுவிட்டுப் பாதிகளைப் பிரிப்பது ஒரு முறை. அதனை இரு பாதிகளிலும் சேர்த்துக்கொள்வது மற்றொரு முறை. எக்செல் படம், வேறு ஏதும் குறிப்பிடாவிடில், முதல் முறையையே பின்பற்றும். மேலே காட்டிய கணக்கும் அம்முறைப்படி அமைந்ததே. இரண்டாம் முறைப்படி, இரண்டாமவரின் கீழ்க் கால்மானம் 16.5 ஆகிறது, பெட்டி உயரம் 2.5, மேல் எல்லை 22.75. உடனே 23 நாட்கள் ஆன ஆணை எல்லைக்கு வெளியே சென்று தனிப்புள்ளியாகிவிடும்! சரக்கு வந்த நாள் மாறவில்லை. கணக்கிட்ட முறைதான் மாறியது. எனவே தனிப்புள்ளியைக் கண்டவுடன் வழங்குநருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்புவது அறிவுடைமையன்று. அப்புள்ளி, பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கவேண்டிய இடத்தைக் காட்டுவது மட்டுமே. 48 நாட்கள் ஆன ஆணையின் காரணம் வெள்ளத்தில் சாலை அறுந்ததாக இருக்கலாம். பழைய பாக்கித் தொகை தரப்படாததனால் வழங்குநர் நிறுத்திவைத்ததாகவும் இருக்கலாம். காரணம் எதுவாயினும் அதனை அருகில் எழுதிவைத்து, புள்ளியைப் படத்திலேயே விட்டுவைத்தல் நலம். வெள்ளம் மறுபடியும் வரும்.

வராத சரக்கு

எல்லாப் பிழைகளிலும் பெரியது, பதிவேட்டின் வெற்றிடத்தில் ஒளிந்திருப்பதாகும். முதலாமவரிடம் பன்னிரண்டாவது ஆணை ஒன்றும் தரப்பட்டு, 60 நாட்கள் கடந்தும் சரக்கு வரவில்லை எனக் கொள்க. இறங்கிய தேதி இல்லாமையால் அவ்வரிசை கணக்கில் சேர்வதில்லை. மிக மோசமான ஆணையே படத்திலிருந்து விடுபட்டுப்போகின்றது. சரக்கே அனுப்பாதவருக்குத் தாமதமே இல்லை என்னும் விந்தையான முடிவு கிடைக்கின்றது.

சராசரிக்கு இதனால் மீள வழியில்லை. எத்தனை நாட்கள் ஆகும் என்பது தெரியாதவரை கூட்ட இயலாது. இடைநிலையும் கால்மானங்களுமோ வரிசையை மட்டுமே நோக்குவதால், அவ்வாணை மற்ற எல்லாவற்றிற்கும் பின்னால் நிற்கும் என்பது தெரிந்தாலே போதும். பன்னிரண்டு எண்களில் இடைநிலை, ஆறாவதற்கும் ஏழாவதற்கும் நடுவே 13.5 ஆகும். மேற் கால்மானம் ஒன்பதாவதற்கும் பத்தாவதற்கும் இடையே, அதாவது 19-க்கும் 24-க்கும் இடையே விழும். ஆகவே நிலுவையிலுள்ள ஆணைகளுக்கு இன்றைய தேதிவரை ஆன நாட்களை எழுதிப் படத்தில் சேர்த்து, அப்புள்ளிக்கு மேல்நோக்கிய அம்புக்குறி ஒன்றை இட்டுவிடுதல் வேண்டும். நிலுவையாணைகள் மிகச் சிலவாகவும், இதுவரை வந்தவற்றைவிட நெடுங்காலம் கடந்தவையாகவும் இருக்கும்வரை பெட்டியின் வடிவம் நம்பத்தக்கதாகவே இருக்கும். நேற்று அனுப்பிய ஆணையை மட்டும் இதில் சேர்த்தலாகாது. அதன் வரிசை இன்னும் தெரியாது.

பெட்டி காட்டாதவை

பெட்டி வரைபடத்திற்குக் காலவரிசை தெரியாது. முதலாமவர் ஓராண்டு முன்பு 24 நாட்கள் எடுத்து, படிப்படியாகத் திருந்தி இப்போது 9 நாட்களில் அனுப்புகிறாரா, அன்றி 9-இல் தொடங்கிச் சீர்கெட்டு வருகிறாரா? இரண்டிற்கும் ஒரே பெட்டிதான் கிடைக்கும். இதனை அறிய, ஆணைத் தேதி வரிசைப்படி நாட்களைப் புள்ளியிட்டுக் கோட்டால் இணைத்த படம் ஒன்றும் வேண்டும். தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாட்டிற்கென இத்தகைய காலவரிசைப் படத்தை 1924-இல் அமைத்த வால்டர் ஷூஹார்ட், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் அழைப்பின்பேரில் 1947–48-இல் இந்தியாவிற்கு வந்து, அம்முறை இங்கு வேரூன்றத் துணைபுரிந்தார். இரண்டு படங்களையும் ஒருங்கே பார்ப்பவர் ஏமாறுவது அரிது.

ஆணைகள் ஐந்தாறே இருப்பின் பெட்டி வரைவதே தவறான மிடுக்கைத் தரும். புள்ளிகளை மட்டும் இடுவதே போதும். ஓ.ஆர்.எஸ். போன்ற எளிய சரக்கையும், குளிர்பெட்டியில் வரவேண்டிய மருந்தையும் ஒரே பெட்டியில் கலத்தலும் கூடாது.

வகுப்பறையில் இதனைக் கற்பிக்கக் கணிப்பொறி வேண்டுவதில்லை. கட்டம் போட்ட தாளில் மாணவர்கள் முதலில் 22 புள்ளிகளையும் இடட்டும். பிறகு ஆறாவது புள்ளியை எண்ணிக் கண்டு கோடிட்டு, மூன்றாவதற்கும் ஒன்பதாவதற்கும் இடையே பெட்டி வரையட்டும். அதன்பின் ஆசிரியர் 48 என்னும் எண்ணை 480 ஆக மாற்றி, சராசரியையும் இடைநிலையையும் மீண்டும் கணக்கிடச் சொல்லலாம். சராசரி 56-ஐத் தாண்டிவிடும். இடைநிலைக் கோடு 13-ஐவிட்டு அசையாது. அக்கோடு ஏன் அசையவில்லை என்னும் வினாவை எழுப்பிவிட்டு, அடுத்த நாள்வரை விடையைச் சொல்லாமல் விடுவது நல்ல பலனைத் தரும்.